உதட்டில் ஒரு பொத்தான்

குக்கரின் முதல் விசில் அடங்குவதற்குள் தம்பி பக்கத்தைத் திருப்பிவிட்டான். அவன் உதடுகளுக்கு நடுவில் பழுப்பு நிறக் கோட்டுப் பொத்தான் ஒன்று இறுகிக் கிடக்கிறது. வலது கையில் ஓர் அழைப்பிதழ் அட்டை. அதைச் செய்தித்தாளின் மேல் வைத்து வரிவரியாகக் கீழே இழுத்துக்கொண்டே வருகிறான். படித்த வரி அட்டைக்கு அடியில் போய்விடும். கண் திரும்பிப் போய் மேய வழியில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறான். வெளியே விட்டால் அதன் சுட்டுவிரல் தானாக வந்து எழுத்துக்குக் கீழே ஊர ஆரம்பித்துவிடும். அந்த விரல்மேல் அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது.

"அண்ணி, உங்க தம்பியக் கொஞ்சம் கேளுங்க. என் குக்கர் என்ன பள்ளிக்கூட மணியா? அடுப்ப அணைக்கச் சொன்னா, இரு, இன்னும் அரைப்பக்கம் இருக்குன்னு கையக் காட்டறாரு. நேத்து காயெல்லாம் கரைஞ்சு காணாமப் போச்சு" என்கிறாள் அவன் மனைவி.

தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "விடும்மா. அந்தப் பட்டன் வாயில இருக்கற வரைக்கும்தான் வீடு அமைதியா இருக்கு" என்கிறாள்.

தம்பியால் பதில் சொல்ல முடியாது. "ம்ம்" என்கிறான். அது கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்கப் பொத்தானுக்கு மேலே உள்ள கண்களைப் பார்க்க வேண்டும். கண்கள் அடுத்த பத்திக்குப் போயிருக்கும்.

தெருவில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காரணம் குரல். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளிகள் கூடத்தில் நின்று, கையிலுள்ள சீட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதுதான் இளவயதிலிருந்து அவன் வேலை. மைக் கிடையாது, தேவையும் இருந்ததில்லை. ஒவ்வொரு பெயரையும் முதலில் வாய்க்குள் உருட்டிப் பார்ப்பான். விரலை அதன் அடியில் வைத்து, தலைப்பெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நடந்து முடித்த பிறகுதான் வெளியே விடுவான். "ஒருத்தரோட பேரு அவங்க அப்பா அம்மா யோசிச்சு வச்சது. அத நாம கடிச்சுத் துப்பக்கூடாது" என்பான். அவன் கூப்பிட்டால் கூடத்தின் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட ஏதோ விருது வாங்கப் போகிறவர்போல எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வருவார்.

பிறகு கூடத்தில் ஒரு பலகையை மாட்டினார்கள். சிவப்பு எண்களும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரலும். "ஒரு நம்பரக் கூப்பிட்டா மனுசன் எழுந்து வருவானாக்கா?" என்று கேட்டான் தம்பி. வந்தார்கள். அவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவனைத் தேடிப் பிடித்தவர் வக்கீலம்மா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முட்டி வலிக்காக அந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். பலகை வந்த பிறகு ஒருநாள் போனவர், "அந்தக் குரல் எங்க?" என்று விசாரித்து, விசாரித்து, கடைசியில் அக்காவின் தையல்கடை வாசலில் வந்து நின்றார். "உங்க குரல்ல என் பேரக் கேட்டா பாதி வலி போயிடும். என்கிட்ட வேலைக்கு வர்றீங்களா ரேடியோ சார்?"

வேலை இதுதான். அச்சில் உள்ள தாள்களை வக்கீலம்மாவின் கம்ப்யூட்டரே வாசித்துவிடும். அது வாசிக்கும் வேகத்தில் மற்றவர் காதுக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கும். வக்கீலம்மா அந்த மழைக்கு நடுவில் ஆரஞ்சுப்பழம் உரித்துத் தின்றுகொண்டு, "நிறுத்து, போன பத்தில தேதி தப்பு" என்பார். ஆனால் கையெழுத்துத் தாள், மங்கிய நகல், ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு, இவற்றின் முன்னால் கம்ப்யூட்டர் வாயடைத்துப் போகும். அவற்றைத் தம்பி வாசிக்க வேண்டும்.

வாசித்தான். ஆஸ்பத்திரியில் பெயர்களை வாசித்ததுபோலவே வாசித்தான். ஒவ்வொரு சொல்லும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தது. வக்கீலம்மா பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் ஆரஞ்சை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரேடியோ சார், நீங்க படிக்கறது கேக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நீங்க ஒரு வரிக்குள்ள போயிட்டு வெளிய வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு கேஸ் போயிடும். எனக்கு இப்ப வாய் வேண்டாம், கண்ணு வேணும். கேஸ் கட்டைக் குடுத்தா உள்ள என்ன இருக்கு, எங்க இருக்குன்னு சொல்லணும். சட்டம் படிச்ச பொண்ணு ஒன்னு வரேன்னு கேட்டிருக்கு. கையில இருக்கற வீட்டுக் கேஸ் முடியற வரைக்கும் பாப்போம். முடியலன்னா அந்தப் பொண்ண வரச் சொல்லிடுவேன். உங்ககிட்ட நான் மறைச்சுப் பேச மாட்டேன்."

அன்று சாயந்திரம் அக்காவின் எதிரே வந்து உட்கார்ந்தான். "எழுதப் படிக்கத் தெரியாதுன்னு வேலை போறவங்கள பாத்திருக்கேன். படிக்கத் தெரிஞ்சதுனால வேலை போகப்போற மொத ஆளு நான்தான்க்கா."

அக்கா துணியைத் திருப்பிப் போட்டாள். "உனக்கென்ன வயசாயிடுச்சு. நாப்பத்தஞ்சுல கண்ணு போனாத்தான் கஷ்டம். வேகம் போனா வர வச்சுக்கலாம்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டான்.

அவன் மனசுக்குள் படிக்கும்போதும் உதடு ஆடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் மனைவி. "பால் குடிச்சிட்டே தூங்கற குழந்தை மாதிரி இருக்கு" என்றாள். வாய் பேசும் வேகத்துக்குமேல் கண் போகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று அவனுக்குத் தோன்றியது. உடனே வந்து அக்காவின் பொத்தான் டப்பாவைத் திறந்தான். சட்டைப் பொத்தான் சின்னதாக இருந்தது; முதல்நாளே ஒன்றை விழுங்கிவிட்டான். அதனால் கோட்டுப் பொத்தான்.

முதலில் அவன் தலை வலித்தது. உதடு ஆடாவிட்டால் எழுத்துகள் வெறும் பூச்சிகளாகத் தெரிந்தன. ஆனால் சில நாட்களில் ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது. ஒரு விசிலுக்கு அரைப்பக்கம் ஓடியவன் முழுப்பக்கத்துக்கு வந்தான். அட்டை கையில் ஏறிய பிறகு இன்னும் தாவினான். படித்து முடித்ததும் பொத்தானை எடுத்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, உள்ளே என்ன இருந்தது என்று சுவரைப் பார்த்து ஒப்பிப்பான். தப்பினால் மறுபடி. சுவருக்குப் பொறுமை அதிகம். மனைவி அந்தப் பக்கம் போனால் அவளையும் பிடித்து நிறுத்திவிடுவான்.

ஒருமுறை அக்கா அவனோடு பஸ்ஸில் நூல் வாங்கப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தான்; கண்ணை மூடிக்கொண்டான். "மருந்துக்கடை. சாவி. செருப்பு. பல் டாக்டர், வாரத்துல மூணு நாள்தான் இருப்பாராம். மறுபடி சாவி. வீடு வாடகைக்கு, கீழ்த்தளம், மோட்டார் உண்டு." எதிர் சீட்டுக்காரர் திரும்பி அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்துக்குள் அவரே, "கண்ணாடிக் கடைய விட்டுட்டீங்களே" என்றார். தம்பி கண்ணைத் திறந்து, "அது போன தெருவுலயே சொல்லிட்டேன் சார்" என்றான். இறங்கும் இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. பெயர்ப்பலகைகளை எல்லாம் படித்தவன் தான் இறங்க வேண்டிய ஒன்றைப் படிக்கவில்லை.

வீட்டில் எழுத்து இருக்கும் எதையும் விட்டுவைக்கவில்லை. அக்காவின் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பார்த்து, "இத சாப்பிட்டா வாய் வறளும், எரிச்சல் வரும், கோவம் வரும். மூணும் உனக்கு முன்னாடியே இருக்கு" என்றான். அக்கா அளவுகோலை எடுத்தாள். ஆனால் வாடிக்கையாளர் யாராவது வந்து அளவு கொடுக்க நின்றால், "கையத் தூக்குங்க. என் தம்பி இப்ப ஒரு விசிலுக்கு ரெண்டு பக்கம். திரும்புங்க" என்பாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவைச் சீட்டில் எழுதி, எழுதியதை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

ஒன்றில் மட்டும் அவளுக்கு நஷ்டம். பல வருடங்களாக, வாரப் பத்திரிகை வரும் சாயந்திரங்களில் தொடர்கதையை அவளுக்கு அவன் வாசித்துக் காட்டுவது வழக்கம். கையில் துணி இருக்கும்போது கண்ணால் படிக்க முடியாது, காதால் கேட்கலாம். கதாநாயகிக்கு ஒரு குரல், கப்பல் தலைவனுக்கு ஒரு குரல் என்று அவன் வாசித்தால் அக்காவின் கால் மிஷினை மிதிக்க மறந்துவிடும். இப்போது பத்திரிகை வந்தால் நின்றபடியே புரட்டிவிட்டுச் சொல்கிறான்: "கப்பல் கெளம்பிடுச்சு. அவ ஏறல. மோதிரம் அவன்கிட்ட இருக்கு. அவ்ளோதான்."

அவன் வேலை முக்கியம். அக்கா பத்திரிகையை வாங்கித் துணிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மிஷினை வேகமாக மிதித்தாள்.

வேகம் வந்த கர்வத்தில்தான் அது நடந்தது. வேறொரு வழக்கில் வீட்டுக்காரர் கைப்பட எழுதிய கடிதம் வந்தது. தம்பி ஒரு பார்வை பார்த்தான். "கூரையப் பழுது பாத்துத் தரேன்னு ஒத்துக்கிட்டாரு மேடம்" என்றான். வக்கீலம்மா மகிழ்ந்துபோய் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் செய்து நன்றி சொன்னார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் எழுதியிருந்தது: குடியிருப்பவர்கள் காலி செய்த பிறகு.

"முன்பக்கம் மட்டும் படிக்கறதுக்கு எதுக்கு சார் வேகம்?" என்றார் வக்கீலம்மா. குரலை உயர்த்தவில்லை. "நீங்க மெதுவா படிச்சப்போ லேட் ஆச்சு. தப்பு ஆகல. அந்தப் பொண்ணுக்கு இன்னும் பதில் சொல்லாம வச்சிருக்கேன். ரொம்ப நாள் வைக்க முடியாது."

பொத்தானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து தையல்கடையின் மூலையில் உட்கார்ந்தான். மனைவி குக்கர் வைத்தாள். விசில் வந்தது, அவன் நிமிரவில்லை. அவளே வந்து எட்டிப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா? காய் நல்லா வெந்திருக்கு இன்னைக்கு. பயமா இருக்கு."

கடையில் ஒருவர் கோட்டோடு காத்திருந்தார். ஒரு பொத்தான் அறுந்து தொலைந்துவிட்டதாம். அக்காவின் வாயில் ஊசி இருந்தது. கோட்டைத் தம்பி மடியில் போட்டு, டப்பாவையும் தள்ளிவிட்டாள். "சும்மா குந்திட்டு இருக்காம இதே மாதிரி ஒன்னு தேடுடா."

கரும்பச்சை நிறம், நான்கு ஓட்டை, விளிம்பில் ஒரு வரம்பு. தம்பி டப்பாவைத் துணியில் கொட்டினான். எத்தனையோ வருடத்துப் பொத்தான்கள் மலையாகக் குவிந்தன. வேண்டாவெறுப்பாகப் பார்த்தான். கை நேராகப் போய் ஒன்றை எடுத்தது. அதே பொத்தான். தேடவே இல்லை.

கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னொன்னு கேளு."

"என்னது?"

"எந்தப் பட்டன்னாலும் சரி. கேளு."

"வெள்ளை. சின்னது. ரெண்டு ஓட்டை."

கை போனது, எடுத்தது.

"உலோகத்துல, நங்கூரம் போட்டது" என்றார் கோட்டுக்காரர். அவருக்கும் சுவாரசியம் பிடித்துவிட்டது.

எடுத்தான். அவன் முகம் சிவந்துபோயிருந்தது. "இப்ப இப்படிக் கேளுக்கா. இந்த டப்பால என்ன இருக்கு?"

"இது என்னடா கேள்வி? பட்டன் இருக்கு."

"அதான்க்கா. அதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது. வக்கீலம்மா கட்டைக் குடுத்தா நான் இதான் பண்ணிட்டு இருந்தேன். மொதல்ல ஒவ்வொரு பட்டனா எடுத்துத் தொடச்சுத் தொடச்சு வச்சேன். அப்பறம் டப்பாவக் குலுக்கிப் பாத்துட்டு மூடினேன். எந்தப் பட்டன் வேணும்னு அவங்களையும் கேக்கல, என்னையும் கேட்டுக்கல. தெரிஞ்சிருந்தா கண்ணு தானா போய் நிக்குது பாரு. நின்ன எடத்துல மெதுவாப் படிச்சுக்கலாம். மத்த எடத்துல ஓடலாம்."

"கண்டுபிடிச்சது ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். "என் கோட்டு?"

மறுநாள் காலை வக்கீலம்மா ஒரு கட்டை நீட்டியதும் தம்பி அதைப் பிரிக்கவில்லை. "மேடம், இதுல உங்களுக்கு எந்தப் பட்டன் வேணும்?" என்றான். வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை. அவன் விளக்கிச் சொன்னதும் ஆரஞ்சு புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "என் தப்புதான். நான் கேக்காமலேயே பதில் வேணும்னு நெனச்சிட்டேன்." அன்றிலிருந்து இருவருக்கும் அது பழக்கமாகிவிட்டது. முதலில் கேள்வி. பிறகு தம்பி கட்டு முழுவதையும் ஒருமுறை புரட்டுவான், ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும். பிறகு ஓட்டம். கண் தடுக்கி நிற்கும் இடத்தில் வேகத்தை விட்டு இறங்கி நடப்பான்.

அப்படித்தான் அந்த வீட்டு வழக்கின் நாள் வந்தது. மாடி வீட்டில் நெடுநாளாகக் குடியிருக்கும் வயதான தம்பதி ஒன்று. விடியும் முன்பே இருவரும் கிளம்பிப் போய்ப் பஸ் நிலையத்தில் பத்திரிகை விற்பவர்கள். அவர்கள் தங்கள் மகன் வீட்டுக்கே போய்விட்டார்கள், மாடி மாதக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, காலி செய்து கொடுக்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் வழக்கு.

வக்கீலம்மாவின் கறுப்பு அங்கிக்குக் கைப்பக்கம் கிழிந்திருந்தது. தைத்ததை எடுத்துக்கொண்டு அக்கா நீதிமன்றத்துக்கே போனாள். வராந்தாவில் கால் வைத்ததும் தம்பியைப் பார்த்தாள். மடியில் தலையணை அளவுக்கு ஒரு கட்டு. எதிர்த்தரப்பு அப்போதுதான் கொடுத்திருந்தது.

"இதப் படிக்க அவகாசம் வேணும்னு வாய்தா கேக்கலாம். கேட்டா குடுப்பாங்க" என்றார் வக்கீலம்மா.

பெரியவர் தலையை ஆட்டினார். "இன்னொரு வாய்தா வேண்டாம்மா. ஒவ்வொரு தடவையும் கடையப் பூட்டிட்டு வரோம். வாடிக்கக்காரங்க அடுத்த கடைக்குப் பழகிட்டாங்க."

வக்கீலம்மா தம்பி இருந்த திசைக்குத் திரும்பினார். "சாப்பாட்டு வேளை முடிஞ்சதும் நம்மளக் கூப்பிடுவாங்க. எனக்கு ஒரே பட்டன்தான் ரேடியோ சார். வீடு பூட்டியிருந்துச்சுன்னு யாரு, எங்க, எப்படிச் சொல்றாங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க, வாய்தா கேட்டுடறேன். அரைகுறையா மட்டும் வேண்டாம்."

தம்பி பொத்தானை உதட்டில் வைத்தான்.

அக்கா அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த கணமே அவள் மடி மேசையாகிவிட்டது. தாள்கள் வந்து விழ ஆரம்பித்தன. இந்த முழங்காலில் ஒரு குவியல், அந்த முழங்காலில் ஒரு குவியல், நடுவில் எப்போதாவது ஒன்று. அட்டையைக் காணோம், விரலையும் காணோம். கண் மட்டும் தாளின் மேலிருந்து கீழே சறுக்கி, தாள் புரண்டு, மறுபடி சறுக்கியது. வலப்பக்கக் குவியல் வளர்ந்து சரியப் பார்த்தது. அக்கா தாடையால் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் சாப்பிடப் போய் வந்தார்கள். பெரியவரின் மனைவி தண்ணீர் புட்டியை நீட்டினாள். தம்பி பொத்தானைக் காட்டிக் கையசைத்தான். அவனுடைய ஒரு கால் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் பட்டம் மேலே ஏறும்போது அந்தக் கால் அப்படித்தான் தட்டும்.

கடைசித் தாள் விழுந்ததும் பொத்தானை எடுத்தான்.

"மேடம், கட்டு பெருசு, சரக்கு கம்மி. குழாய் ரிப்பேர் பில்லையே திருப்பித் திருப்பி நகல் எடுத்துச் சேத்திருக்காங்க. அக்காவோட இந்த முழங்கால் பூரா குழாய்தான். அந்த முழங்கால் சுவத்துப் போட்டோ. பூட்டப் பத்தி மூணே எடம். ஒன்னு பூட்டோட படம். ஒன்னு வீட்டுக்காரரே எழுதினது. வெளியாள் சொன்னது ஒன்னே ஒன்னுதான், வீட்டுக் காவல்காரர் கையால எழுதிக் குடுத்த தாள்." கொஞ்சம் நிறுத்தினான். "முன்னாலயும் எழுதியிருக்கு, பின்னாலயும் எழுதியிருக்கு. ரெண்டையும் படிச்சிட்டேன்."

வக்கீலம்மாவின் உதட்டோரம் அசைந்தது. "பின்னால என்ன?"

குனிந்து அவர் காதில் சொன்னான். வக்கீலம்மா எழுந்து அங்கியை மாட்டிக்கொண்டார். "போலாம்."

உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் கனமாகப் பேசினார். கனமான கட்டைத் தூக்கிக் காட்டினார். காவல்காரரின் தாளிலிருந்து ஒரு வரியை எடுத்து, "தினமும் மாடிக்குப் போகும்போது பூட்டுத்தான் தொங்கும்" என்று அழுத்திப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

வக்கீலம்மா எழுந்தார். "அந்தத் தாளுக்கு ஒரு பின்பக்கம் இருக்குங்க ஐயா. கையெழுத்துத் தாள். என் உதவியாளர் முழுசா வாசிக்க அனுமதி வேணும்."

நீதிபதி தாளைத் தேடினார். அது அவருக்கு முன்னால் இருந்த தலையணைக்குள் எங்கோ இருந்தது. "சரி, வாசிங்க" என்றார்.

தம்பி எழுந்து நின்றான். "ம்ம்" என்றான்.

அக்கா பின் பெஞ்சிலிருந்து தன் உதட்டைத் தொட்டுச் சைகை காட்டினாள். உள்ளே வரும்போது கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ள அவன் பொத்தானை மறுபடி உதட்டில் வைத்திருந்தான், எடுக்க மறந்துவிட்டான். தம்பி உள்ளங்கையை வாய்க்கு நேராகக் கொண்டுபோய்த் துப்பினான்.

"அது என்ன?" என்றார் நீதிபதி.

"பட்டன் ஐயா. வேகமாப் படிக்கறதுக்கு."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "இங்க மெதுவாவே படிங்க."

"அதுக்குத்தான் எடுத்துட்டேன் ஐயா."

பிறகு அந்தக் குரல் வந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் பலகை வந்த நாளிலிருந்து அக்கா அதை முழுதாகக் கேட்டதில்லை. மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரைக்கும் வந்தது. ஒவ்வொரு சொல்லும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் வந்து நின்றது.

"'நான் காலையில் மோட்டார் போட மாடிக்குப் போவேன். தினமும் மாடிக்குப் போகும்போது பூட்டுத்தான் தொங்கும்.'" தாளைத் திருப்பினான். "'அவர்கள் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார்கள். இருட்டிய பிறகு மேலே விளக்கு எரியும். அந்த அம்மா இறங்கி வந்து எனக்கு டீ கொடுப்பார். போன மாதமும் கொடுத்தார். இந்த மாதமும் கொடுக்கிறார். சர்க்கரை குறைவாகத்தான் போடுவார்.'"

நீதிபதி தன் முன்னிருந்த கட்டிலிருந்து அந்தத் தாளை உருவித் திருப்பிப் பார்த்தார்.

"காவல்காரருக்கு சர்க்கரை வியாதிங்கய்யா, அதான்" என்றாள் பெரியவரின் மனைவி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

இப்போது நீதிபதியும் சிரித்தார். எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து, இதற்கு மேல் பூட்டைப் பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டார். அவர் கட்டைப் புரட்டினார். குழாய் பில்தான் வந்தது. வழக்கு அப்போதே தள்ளுபடியாயிற்று.

வராந்தாவில் பெரியவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வக்கீலம்மா அங்கியைக் கழற்றி மடித்தார். தையல் போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "தெரியவே இல்லையேம்மா" என்றார் அக்காவிடம். பிறகு தம்பியிடம், "அந்தப் பொண்ணையும் வரச் சொல்லப் போறேன். சட்டத்த அது பாத்துக்கட்டும். தாள நீங்க பாருங்க. மொத நாளே அதுக்கு ஒரு பட்டன் குடுத்துடுங்க" என்றார்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் தம்பி எந்தக் கடைப் பலகையையும் படிக்கவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். மனைவியிடம் முழுதும் சொன்னான். நீதிபதியின் குரலில் ஒரு தடவை, தன் குரலில் ஒரு தடவை. "கோர்ட்டுல துப்பிட்டு வந்ததுக்கா இவ்ளோ குதிக்கறீங்க?" என்றாள் அவள், வாய் கொள்ளாத சிரிப்போடு.

சாயந்திரம் அக்கா மிஷினில் உட்கார்ந்தாள். கோர்ட்டுக்குப் போனதில் வேலை தேங்கிவிட்டது. சட்டைக் காலர்கள் குவிந்து கிடந்தன. அன்றைக்கு வாரப் பத்திரிகை வரும் நாள். அது பிரிக்காமல் மேசைமேல் கிடந்தது.

"சட்டுனு பாத்து சொல்லிடுடா" என்றாள் நிமிராமல். "கப்பல் போய்ச் சேந்துச்சா?"

தம்பி பத்திரிகையை எடுத்தான். நின்றபடியே பிரிக்கப் போனவன் அக்காவைப் பார்த்தான். பத்திரிகையைக் கீழே வைத்தான். துணிக்கட்டைத் தூக்கி, அதன் அடியில் வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருந்த பழைய இதழ்களை வெளியே இழுத்தான். சட்டைப்பையிலிருந்து கோட்டுப் பொத்தானை எடுத்து டப்பாவில் போட்டு மூடினான். அடியில் இருந்த இதழை, கப்பல் இன்னும் துறைமுகத்திலேயே நின்றுகொண்டிருக்கும் இதழை, மேலே எடுத்து விரித்துக்கொண்டு, முக்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான். பழக்கத்தில் தொடைக்கு அடியில் போயிருந்த இடது கையை வெளியே எடுத்து, முதல் சொல்லுக்குக் கீழே சுட்டுவிரலை வைத்தான்.